சீகன்பால்கு: சிறைக்கு அஞ்சாதவரும் சாதியைத் தாண்டாத திருச்சபையும்

1708ஆம் ஆண்டு நவம்பர் மாதம். தரங்கம்பாடியில் டேனியக் கம்பெனிக்குச் சொந்தமான டேன்ஸ்போர்க் கோட்டையில் இருபத்தாறு வயது இளைஞர் ஒருவர் சிறை வைக்கப்பட்டார். நாவிதர் ஒருவர் இறந்துபோயிருந்தார். அவருக்கும் கம்பெனியில் மொழிபெயர்ப்பாளராக இருந்த ஒருவருக்கும் இடையே ஒரு கடன் விவகாரம் இருந்தது. அதில் நீதி கேட்டு நின்ற விதவையின் பக்கம் இந்த இளைஞர் நின்றார். ஒரு முறையோடு விடவில்லை. மீண்டும் மீண்டும் தலையிட்டார். டேனிய ஆலயத்துக்கு வரும் கோட்டைத் தளபதியின் முன் மண்டியிட்டு முறையிடுமாறு அந்தப் பெண்ணுக்கு ஆலோசனையும் கூறினார். தளபதி ஹாசியஸ் இதைத் தம் அதிகாரத்தில் கை வைக்கும் செயலாகக் கருதினார். ஏறத்தாழ நான்கு மாதங்கள் அந்த இளைஞர் சிறையில் கழித்தார்.

அவர்தான் பார்த்தலோமேயு சீகன்பால்கு. அச்சுக்கூடத்துக்காகவும் தமிழ்ப் புதிய ஏற்பாட்டுக்காகவும் பாடநூல்கள் அவரை நினைவுகூர்கின்றன. திருச்சபைகள் அவரை முதல் சீர்திருத்தத் திருச்சபை மிஷனரி என்று போற்றுகின்றன. நாவிதரின் விதவைக்காக அவர் சிறை சென்றதை இரு சாராரும் ஓரிரு வரிகளில் கடந்துவிடுகின்றனர். ஒடுக்கப்பட்ட மக்களின் வழக்குகளோடு வாழும் நாம் அவருடைய வாழ்க்கையை அந்தச் சிறைவாசத்திலிருந்தே வாசிக்க விரும்புகிறோம். எந்த அதிகாரத்தை எதிர்க்க அவருக்குத் துணிவு இருந்தது, எந்த அதிகாரத்தின் முன் அவருடைய திருச்சபை தயங்கி நின்றது என்ற இரண்டையும் ஒருசேரப் பார்த்தால்தான், ஓர் இளம் விசுவாசியின் தியாகத்தை நாம் சரியாக எடை போட முடியும்.

பெற்றோரை இழந்த சிறுவன்

சீகன்பால்கு 1682இல் ஜெர்மனியின் சாக்சனிப் பகுதியைச் சேர்ந்த புல்ஸ்னிட்ஸ் என்னும் சிற்றூரில் பிறந்தார். தந்தை தானிய வணிகர். சிறு வயதிலேயே பெற்றோர் இருவரையும் இழந்தார். உடல்நலம் இளமை முதலே நலிந்திருந்தது. வயிற்று நோய் இறுதிவரை அவரை விடவில்லை. படிப்பு பலமுறை தடைப்பட்டது. ஹாலே நகரில் அகஸ்டு ஹெர்மன் பிராங்கே நடத்திய பக்தி இயக்கத்தின் தாக்கத்துக்கு அவர் ஆளானது இந்தக் காலத்தில்தான்.

ஹாலேயின் பக்தி இயக்கத்தைச் சற்று விளக்க வேண்டும். மேடைப் பிரசங்கத்தோடும் சடங்குகளோடும் நின்றுவிட்ட திருச்சபையை அது குறை கூறியது. உண்மையான விசுவாசம் அன்றாட வாழ்வில் வெளிப்பட வேண்டும் என்றது. ஆதரவற்ற பிள்ளைகளுக்கான இல்லம், ஏழைகளுக்கான பள்ளி, மருந்தகம், அச்சகம் ஆகியவற்றைப் பிராங்கே ஹாலேயில் உருவாக்கினார். பின்னாளில் தரங்கம்பாடியில் சீகன்பால்கு எழுப்பியவற்றுள் பெரும்பாலானவை அவர் அங்கே கண்டவையே.

அப்போது டென்மார்க் மன்னராக இருந்த நான்காம் பிரெடெரிக் தம் குடியேற்றப் பகுதிகளுக்குச் சமயப் பணியாளர்களை அனுப்ப விரும்பினார். டென்மார்க்கில் தகுந்த ஆட்கள் கிடைக்காததால் ஜெர்மனியில் தேடினர். சீகன்பால்குவும் அவருடைய தோழர் ஹென்ரிக் புளுட்சோவும் முன்வந்தனர். 1705 நவம்பரில் கோபன்ஹேகனில் குருப்பட்டம் பெற்று, அம்மாத இறுதியிலேயே கப்பலேறினர். ஏழு மாதங்களுக்கு மேல் கடலில் கழித்து, 1706 ஜூலை 9 அன்று தரங்கம்பாடியை வந்தடைந்தனர். அப்போது சீகன்பால்குவுக்கு வயது இருபத்து நான்கு.

கம்பெனியின் ஊர்

தரங்கம்பாடி 1620இல் தஞ்சை இரகுநாத நாயக்கரோடு செய்துகொண்ட உடன்படிக்கையின் வழியே டேனியருக்குக் கிடைத்தது. அங்கே கம்பெனியின் நோக்கம் வணிகம் மட்டுமே. சரக்குகளில் மனிதர்களும் அடங்குவர். பஞ்சம் வந்தால் தம்மையும் தம் பிள்ளைகளையும் விற்ற குடும்பங்களைச் சோழமண்டலக் கரையெங்கும் ஐரோப்பியக் கம்பெனிகள் விலைக்கு வாங்கின. டேனியரும் அதற்கு விலக்கல்லர். ஊரில் இருந்த ஐரோப்பியரின் வீட்டு வேலைகளை அடிமைகளே செய்துவந்தனர்.

மன்னரின் ஆணையோடு வந்த இரு இளைஞர்களைக் கம்பெனி விரும்பவில்லை. அவர்களைக் கரையிறங்க விடாமல் தாமதப்படுத்தினர். இறங்கிய பின்னும் தங்க இடம் காட்டாமல் தெருவில் காக்க வைத்தனர். சமயப் பணி உள்ளூர் மக்களைக் கிளர்ந்தெழச் செய்து வணிகத்தைக் கெடுத்துவிடும் என்று ஹாசியஸ் அஞ்சினார். மன்னர் வெகுதூரத்தில் இருந்தார். தரங்கம்பாடியில் சட்டம் என்பது தளபதியின் சொல்தான்.

சீகன்பால்கு முதலில் யாரிடம் சென்றார் என்பதை நாம் கவனிக்க வேண்டும். டேனிய எசமானர்களின் வீடுகளில் வேலை செய்த அடிமைகளுக்கு அவர் நாள்தோறும் மறைக்கல்வி கற்பித்தார். கடற்கரை ஊர்களில் அன்று வழங்கிய போர்த்துக்கீசிய மொழியே அவர்களுக்கும் அவருக்கும் பாலமாக இருந்தது. 1707 மே 12 அன்று ஐந்து பேர் ஞானஸ்நானம் பெற்றனர். அவர்கள் அடிமைகள். இந்தியாவில் சீர்திருத்தத் திருச்சபைப் பணியின் முதற்கனிகள் என்று திருச்சபை வரலாறு குறிப்பிடுவது இந்த ஐவரையே. அதே ஆண்டு செப்டம்பரில் தமிழர் ஒன்பது பேர் ஞானஸ்நானம் பெற்றனர். இடையில் ஆகஸ்ட் 14 அன்று எருசலேம் என்னும் சிறு ஆலயம் அவர்களுக்காக அர்ப்பணிக்கப்பட்டது.

ஞானஸ்நானம் விடுதலைப் பத்திரம் அன்று. ஆலயத்தில் சகோதரர் என்று அழைக்கப்பட்டவர் வீடு திரும்பியதும் எசமானரின் உடைமையாகவே கருதப்பட்டார். இந்த முரண்பாட்டை அன்றைய ஐரோப்பியத் திருச்சபைகள் எவையும் தீர்க்க முயலவில்லை, சீகன்பால்குவும் தீர்க்கவில்லை. ஆனால் உடைமையாகக் கருதப்பட்ட ஒருவரோடு அன்றாடம் அமர்ந்து, அவருக்கும் ஆன்மா உண்டு, அறிவு உண்டு என்று ஏற்றுக் கற்பிப்பது அந்த ஊரின் ஒழுங்கை உரசும் செயல் என்பதில் ஐயமில்லை. நாவிதரின் விதவைக்காக அவர் நின்றது அந்த உரசலின் உச்சம்.

மணலில் எழுதிய எழுத்து

தமிழ் கற்க அவருக்கு இலக்கண நூலோ அகராதியோ கிடைக்கவில்லை. முதிய வாத்தியார் ஒருவரை அமர்த்தி, அவருடைய பள்ளியைத் தம் இருப்பிடத்திலேயே நடத்தச் செய்தார். சிறுவர்களோடு தரையில் அமர்ந்து மணலில் எழுத்துகளை எழுதிப் பழகினார். கம்பெனியில் மொழிபெயர்ப்பாளராக இருந்த அழகப்பன் அவருக்குப் பேச்சுத் தமிழைக் கற்பித்தார். அந்த உதவிக்காக அழகப்பன் ஊரைவிட்டு வெளியேற்றப்பட்டுத் துன்பங்களை அனுபவித்தார். மிஷனரிகளின் தியாகம் பேசப்படும் அளவுக்கு, அவர்களுக்கு மொழியும் வழியும் காட்டிய உள்ளூர் மக்களின் இழப்பு பேசப்படுவதில்லை.

இரண்டே ஆண்டுகளில் அவர் ஓலைச்சுவடிகளைத் திரட்டிப் படித்து, 1708இல் தமிழ் நூல்களின் விளக்கப் பட்டியல் ஒன்றை எழுதினார். திருக்குறளும் அதில் உண்டு. உலகநீதி, கொன்றைவேந்தன், நீதிவெண்பா ஆகியவற்றை ஜெர்மன் மொழியில் பெயர்த்தார். உருவ வழிபாட்டையும் சாதியையும் சாடும் சிவவாக்கியரின் பாடல்கள் அவரை மிகவும் ஈர்த்தன. தம் நூல்களில் அவற்றை மிகுதியாக எடுத்தாண்டார். தமிழருக்கு அறநெறியும் கல்வியும் உண்டு என்று ஐரோப்பியரிடம் வாதிட்டார். தமிழரின் தெய்வங்களைப் பற்றி 1713இல் அவர் எழுதி முடித்த விரிவான நூலை ஹாலேயில் அச்சிட மறுத்துவிட்டனர். புறச்சமயத்தை வேரறுக்கவே அவர் அனுப்பப்பட்டார், அதைப் பரப்புவதற்கு அன்று என்பது பிராங்கேயின் எண்ணம். அந்த நூல் 1867இல்தான் சென்னையில் அச்சேறியது.

தமிழரோடு அவர் கடிதப் போக்குவரத்தும் நடத்தினார். 1712 முதல் 1714 வரை பெறப்பட்ட 99 கடிதங்கள் ஜெர்மன் மொழியில் பெயர்க்கப்பட்டு ஹாலேக்கு அனுப்பப்பட்டன. ஐரோப்பியரின் குடிப்பழக்கத்தையும் ஒழுக்கக் கேட்டையும் தமிழர் அவற்றில் தயக்கமின்றிச் சாடினர். அன்றைய தமிழ்ச் சமூகத்தை அறிய அவை அரிய சான்றுகள். ஆயினும் அவை எழுத்தறிந்தோரின் கடிதங்கள். கற்கும் உரிமை மறுக்கப்பட்ட சேரிகளின் குரலை அவற்றில் நாம் தேடினால் ஏமாற்றமே மிஞ்சும். அந்த மறுப்பை உடைக்கும் வழியைக் கடிதங்களைவிட அவர் திறந்த பள்ளிகளே தொடங்கிவைத்தன. 1707இலேயே சிறுவர்களுக்கு மட்டுமன்றிச் சிறுமிகளுக்கும் பள்ளி தொடங்கப்பட்டது.

அச்சுக்கூடம்

புதிய ஏற்பாட்டைத் தமிழில் பெயர்க்கும் பணியை அவர் 1708 அக்டோபரில் தொடங்கினார். அடுத்த மாதமே சிறை. விடுதலையானபின் தொடர்ந்து, 1711 மார்ச்சில் முடித்தார். இலண்டனில் இயங்கிய கிறித்தவ அறிவு வளர்ச்சிக் கழகம் ஓர் அச்சுப்பொறியை அனுப்பியது. அதை ஏற்றிவந்த கப்பலைப் பிரெஞ்சுக்காரர் கைப்பற்றினர். அச்சுப்பொறி தப்பியது, உடன் வந்த அச்சர் வழியில் இறந்தார். ஹாலேயில் வார்க்கப்பட்ட தமிழ் எழுத்துகள் 1713இல் வந்து சேர்ந்தன. அவை அளவில் பெரியவை, காகிதத்தை விழுங்கின. எனவே சிறிய எழுத்துகள் தரங்கம்பாடியிலேயே வார்க்கப்பட்டன. இங்கிலாந்திலிருந்து பாலாடைக்கட்டி அடைத்துவந்த ஈயப் பெட்டிகள்கூட உருக்கப்பட்டன. காகிதத் தட்டுப்பாட்டைப் போக்கப் பொறையாற்றில் காகித ஆலை ஒன்று அமைந்தது. 1714இல் நற்செய்தி நூல்களும் அப்போஸ்தலர் நடபடிகளும், 1715இல் புதிய ஏற்பாடு முழுவதும் அச்சாயின.

தமிழில் முதன்முதலாக அச்சிட்டவர் சீகன்பால்கு அல்லர். 1578இல் கொல்லத்தில் அச்சான தம்பிரான் வணக்கம் அவருக்கு நூற்று முப்பது ஆண்டுகள் மூத்தது. ஆனால் வேதத்தை மக்கள் மொழியில் அச்சிட்டுப் பரப்புவது என்பதற்கு இந்தச் சாதிச் சமூகத்தில் ஒரு தனிப் பொருள் உண்டு. வேதம் ஓதுதலும் கேட்டலும் பிறப்பால் வரையறுக்கப்பட்டிருந்த நாட்டில், வேதம் என்ற பெயரிலேயே ஒரு நூல் யார் கைக்கும் போகலாம் என்ற நிலை உருவானது. யார் வாசிக்கலாம், யார் வாசிக்கக் கூடாது என்று அச்சு நூல் கேட்பதில்லை. இதன் விளைவு என்ன என்பதைச் சீகன்பால்கு உயிரோடு இருந்து காணவில்லை.

கோபன்ஹேகனிலிருந்து வந்த கண்டனம்

1714 இறுதியில் அவர் ஐரோப்பா சென்றார். மன்னரைச் சந்தித்துப் பணியின் நிலையை விளக்கினார். இலத்தீனில் அவர் எழுதிய தமிழ் இலக்கணம் 1716இல் ஹாலேயில் வெளியானது. அதே ஆண்டு மரியா டோரத்தேயா சால்ஸ்மன் என்பவரை மணந்து, அவரோடு தரங்கம்பாடி திரும்பினார். 1718 அக்டோபர் 11 அன்று புதிய எருசலேம் ஆலயம் அர்ப்பணிக்கப்பட்டது. சிலுவை வடிவில் எழுந்த அந்த ஆலயம் இன்றும் தரங்கம்பாடியில் நிற்கிறது.

இதற்கிடையே எதிர்ப்பு புதிய திசையிலிருந்து வந்தது. மிஷன் பணியை மேற்பார்வையிடக் கோபன்ஹேகனில் 1714இல் அமைக்கப்பட்ட குழுவின் செயலராகக் கிறிஸ்டியான் வெண்ட் என்பவர் பொறுப்பேற்றிருந்தார். மிஷனரிக்குக் கட்டடம் எதற்கு, பள்ளி எதற்கு, குடும்பம் எதற்கு என்பது அவருடைய வாதம். அப்போஸ்தலர்களைப்போல் கையில் ஒன்றும் இன்றி ஊர் ஊராகப் போக வேண்டும் என்று கடுமையாகக் கண்டித்து எழுதினார். ஏழைப் பிள்ளைகளுக்குச் சோறும் துணியும் எழுத்தும் தருவதற்குச் சுவரும் கூரையும் பணமும் வேண்டும் என்பது வெகுதொலைவிலிருந்து பார்ப்பவருக்குப் புரியவில்லை. களத்தில் நிற்பவரின் ஒவ்வொரு காசுக்கும் கணக்குக் கேட்டு, அவருடைய தூய்மையைச் சோதிக்கும் வழக்கம் நம் இயக்கங்களுக்கும் புதிதன்று.

ஏற்கெனவே நலிந்திருந்த உடலை இந்தக் கண்டனம் மேலும் முறித்தது. 1719 பிப்ரவரி 23 அன்று சீகன்பால்கு காலமானார். வயது முப்பத்தாறு. இளம் மனைவியையும் சில நூறு பேர் கொண்ட சபையையும் விட்டுச் சென்றார். அவர் கட்டிய ஆலயத்திலேயே அடக்கம் செய்யப்பட்டார். அவரோடு உழைத்த கிருண்ட்லரும் அடுத்த ஆண்டே இறந்தார்.

ஆலயத்துக்குள் நின்ற கோடு

இதுவரை சொன்னவை ஒரு தியாகியின் வாழ்க்கை. இனிச் சொல்வதும் அந்த வாழ்க்கையின் பகுதியே.

புதிய எருசலேம் ஆலயத்தில் வெள்ளாளர் முதலிய சாதியினர் ஒருபுறமும் பறையர் மறுபுறமும் அமரும் முறை நிலைபெற்றது. சாதி என்பது சமூக ஒழுங்கு, சமயத்தோடு தொடர்பற்றது, அதைப் பொறுத்துக்கொள்ளலாம், நாளடைவில் தானாக மறையும் என்ற விளக்கத்தைத் தரங்கம்பாடி மிஷனரிகள் தலைமுறை தலைமுறையாகக் கூறிவந்தனர். கம்பெனித் தளபதியின் ஆணையை மீறி ஒரு விதவைக்காகச் சிறை சென்றவர் தொடங்கிய சபை, இந்தக் கோட்டை மீறவில்லை. சிவவாக்கியரின் சாதி மறுப்பை அவர் ஏட்டில் வியந்தார். ஆலயத்தின் தரையில் அது இறங்கவில்லை.

இதற்கு விலை கொடுத்தவர் யார் என்பதை இராஜநாயக்கனின் வாழ்க்கை காட்டுகிறது. அவர் பறையர் சமூகத்தில் கத்தோலிக்கக் குடும்பம் ஒன்றில் பிறந்தவர். தஞ்சை அரசரின் படையில் வீரராகப் பணியாற்றியவர். சீகன்பால்கு மறைந்து சில ஆண்டுகளுக்குப் பின், தரங்கம்பாடியில் அச்சான நற்செய்தி நூல் அவர் கைக்குக் கிடைத்தது. அதை வாசித்தே அவர் மனம் மாறினார். எந்த மிஷனரியின் பிரசங்கத்தையும் கேட்டு அவர் வரவில்லை; எழுத்தே அவரை அழைத்தது. படைத்தொழிலை விட்டு உபதேசியார் ஆனார். ஐரோப்பியர் நுழைய முடியாதிருந்த தஞ்சைப் பகுதியில் சபைகளைக் கட்டி வளர்த்தார். அவரும் குடும்பத்தாரும் தாக்குதலுக்கு ஆளாயினர். நாற்பது ஆண்டுகளுக்கும் மேலாக அந்தப் பணியிலேயே அவர் நிலைத்திருந்தார்.

1733இல் தரங்கம்பாடி மிஷன் முதல் தமிழ்ப் போதகராக ஆரோனுக்குக் குருப்பட்டம் அளித்தது. அவர் வெள்ளாளர். அடுத்த போதகரைத் தேர்ந்தெடுக்கும் தருணம் வந்தபோது இராஜநாயக்கனின் பெயரும் எண்ணிப் பார்க்கப்பட்டது. அவருடைய விசுவாசத்திலோ உழைப்பிலோ யாரும் குறை காணவில்லை. பறையர் ஒருவரின் கையிலிருந்து நற்கருணை பெற மற்றச் சாதிக் கிறித்தவர்கள் இணங்கமாட்டார்கள் என்பதே தடையாக நின்றது. 1741இல் தியோகோ என்பவர் போதகரானார். இராஜநாயக்கன் இறுதிவரை உபதேசியாராகவே இருந்தார். திருச்சபைக்குள் சாதி வேற்றுமை கூடாது என்று கல்கத்தா பேராயர் டேனியல் வில்சன் சுற்றறிக்கை விடுத்தது 1833இல். அதற்குள் ஒரு நூற்றாண்டு கடந்துவிட்டது. அந்த அறிக்கையை ஏற்க மறுத்துச் சாதிக் கிறித்தவர் பலர் சபைகளை விட்டே விலகினர்.

இந்த வரலாறு சட்டப் புத்தகத்திலும் தொடர்கிறது. 1950ஆம் ஆண்டின் அரசமைப்பு பட்டியல் சாதிகள் ஆணை, இந்து அல்லாதவரைப் பட்டியலுக்கு வெளியே நிறுத்தியது. 1956இல் சீக்கியரும் 1990இல் பௌத்தரும் சேர்க்கப்பட்டனர். தலித் கிறித்தவரும் தலித் முஸ்லிம்களும் சேர்க்கப்படவில்லை. சென்னையில் சாலையோரம் செருப்புத் தைத்த சூசை என்பவர், பட்டியல் சாதியினருக்கு அரசு இலவசமாக அளித்த கடைப்பெட்டி தமக்குக் கிறித்தவர் என்ற காரணத்தால் மறுக்கப்பட்டதை எதிர்த்து உச்ச நீதிமன்றம் சென்றார். மதம் மாறிய பின்னும் சாதி தொடர்கிறது என்று காட்டினால் மட்டும் போதாது. அதே கடுமையுடன் கொடுமையும் தொடர்கிறது என்று நிறுவ வேண்டும் என்று கூறி, 1985இல் நீதிமன்றம் அவருடைய மனுவைத் தள்ளுபடி செய்தது. அந்தக் கொடுமைக்குச் சான்று தேடுவோர் தொலைவில் தேட வேண்டியதில்லை. இராஜநாயக்கனுக்கு மறுக்கப்பட்ட குருப்பட்டம் மிஷனரிகளின் ஆவணங்களிலேயே பதிவாகியுள்ளது.

அப்படியானால் சீகன்பால்குவை நாம் தள்ளிவிட வேண்டுமா? அது நேர்மையான வாசிப்பாகாது. இருபத்து நான்கு வயதில் ஊரையும் நலத்தையும் விட்டு வந்து, அடிமைகளுக்குக் கற்பித்து, தம் நாட்டவரின் சிறையில் இருந்து, முப்பத்தாறு வயதில் உழைத்தே மாய்ந்தவரை வணங்கத்தான் வேண்டும். ஆனால் ஒரு மனிதர் தம் உயிரைக் கொடுத்தார் என்பதாலேயே அவர் எழுப்பிய நிறுவனம் நீதியுள்ளதாகிவிடாது. ஹாசியசின் அதிகாரம் வெளியே நின்றது. அதை அடையாளம் காண்பது எளிது. சாதியின் அதிகாரம் சபையின் உள்ளேயே, ஞானஸ்நானம் பெற்ற கைகளிலேயே இருந்தது. அதை எதிர்த்திருந்தால் சபையில் பாதிப் பேரை இழக்க நேர்ந்திருக்கும். அந்த இழப்பைத் திருச்சபை ஏற்கவில்லை. அதற்குப் பதிலாக இராஜநாயக்கனை இழப்புக்கு உள்ளாக்கியது.

இயக்கங்களில் சேரும் மாணவர்களும் இளைஞர்களும் தியாகக் கதைகளைக் கேட்டே வளர்கின்றனர். அக்கதைகளைக் கேட்கும்போது, எதிரியிடம் எத்தனை அடி வாங்கினார் என்பதோடு, தம் பக்கத்தில் நின்றவர்களிடம் எதை மறுத்துப் பேசினார் என்றும் கேட்கப் பழக வேண்டும். நம் சங்கங்களின் பொறுப்புகளில் யார் இருக்கிறார்கள், மேடையில் யார் பேசுகிறார்கள், உள்ளே உள்ள கோட்டைப் பற்றிப் பேசினால் ஆட்கள் பிரிந்துவிடுவார்கள் என்று சொல்லி யாரைக் காத்திருக்க வைத்திருக்கிறோம் என்ற கேள்விகளும் அதில் அடங்கும். இராஜநாயக்கன் நாற்பது ஆண்டுகளுக்கும் மேலாகக் காத்திருந்தார். காத்திருந்தவரின் பெயரில் அந்த மிஷன் ஒரு போதகரைப் பெறவே இல்லை.